அக்காவிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை

அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று கிருத்திகை. ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்து, படியேறிச் சாமி பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். நெற்றி விபூதி வியர்வையில் குழைந்துபோயிருந்தது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பல் பூண்டை உரிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்து நான் பார்த்ததில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நிற்கவில்லை. பல் வழுக்கி வழுக்கி முறத்தில் விழுந்தது.

"இந்தக் கை ரெண்டு மாசமா சொன்ன பேச்சு கேக்க மாட்டேன்குதுடி சுசீ. தறியில இழை அறுந்தா முடி போட வரல. உங்க பாவா தான் வந்து போட்டுகினு கீறாரு." அவள் வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன்.

"டாக்டர்கிட்ட காட்னியா?"

"காட்டாம? கழுத்து நரம்பு அமுங்கிகினு கீதாம். ஊசி போட்டுகினு கீறேன்."

ஜன்னல் வெயில் அவள் மேற்கையில் விழுந்தது. ரவிக்கை விளிம்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. ஓரிடத்தில் நின்றது, பக்கத்தில் தொடங்கியது. குட்டைத் தண்ணீரில் தூறல் விழுவது மாதிரி. கை மடியில் அசையாமல் கிடந்தது. தோல் மட்டும் அசைந்தது.

"தோ, பாத்தியா? உள்ள எலி ஓடுது," என்று அக்கா சிரித்தாள்.

எனக்கு வார்த்தை வந்துவிட்டது. ஃபேசிகுலேஷன். அதன் எழுத்துகள் கூட ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். "அக்கா, வாயைத் திற. நாக்கை நீட்டாதே, உள்ளயே வெச்சுக்கோ."

"நான் இன்னா சின்ன புள்ளயா?" என்றாலும் திறந்தாள்.

நாக்கை நீட்டச் சொல்லக் கூடாது. நீட்டினால் யார் நாக்கும் கொஞ்சம் நடுங்கும். சும்மா கிடக்கும்போது பார்க்க வேண்டும். இதுவும் யாரோ ஒரு அமெரிக்க டாக்டர் சொல்லி, நான் தட்டச்சு செய்து தெரிந்துகொண்டதுதான். அக்காவின் நாக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. அதன் இரண்டு ஓரமும் புழு நெளிவது போல நெளிந்தது.

"இன்னாடி தெரியுது?"

"ஒண்ணுமில்லக்கா. வைட்டமின் கம்மியா இருக்கும்."

எழுந்துபோய்ப் புளியை மறுபடி கரைத்தேன். ஏற்கெனவே கரைத்த புளிதான்.

மதியச் சாப்பாட்டு வார்த்தைகள்

என் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். இப்போது இயந்திரமே கேட்டு எழுதிவிடுகிறது. அது தப்பாகக் கேட்டதைத் திருத்துவது என் பாடு.

பயிற்சிக்காக ஆறு மாதம் தினமும் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வந்தேன். விலங்கியல் படித்தவள்தான் என்றாலும் முதல் வாரமே அழுதேன். இடுப்பெலும்பும் இலியம், சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம். உச்சரிப்பு ஒன்று, எழுத்தில்தான் வித்தியாசம். குடலில் நோய் என்று டாக்டர் சொன்னதை இடுப்பில் என்று தட்டி வைத்து, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன்.

அந்தக் கோபத்தில்தான் நோட்டு போட்டேன். அகராதி வரிசையில் இல்லை, காதில் விழுகிற ஓசை வரிசையில். பயிற்சிக்கு வந்த நாங்கள் ஐந்து பெண்கள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஆளுக்கொரு அதிசய வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். மற்றவர்களுக்குத் தெரியாத வார்த்தை கொண்டுவந்தவளுக்கு மற்றவர்களின் பொரியலில் முதல் பங்கு.

சிங்கல்டஸ் என்றால் விக்கல். ஸ்டெர்ன்யுடேஷன் என்றால் தும்மல். ஹாரிபிலேஷன், புல்லரிப்பு. இவ்வளவு சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். புதுப் புடவை வாங்கினது மாதிரி ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதைக் காட்ட எனக்கு ஒரே ஆள்தான். லோகாக்கா.

அவள் எட்டாவதோடு நின்றவள். வீட்டில் ஒருத்தர் தறியில் உட்கார்ந்தால்தான் இன்னொருத்தர் படிக்க முடியும் என்ற நிலைமை. நைனா பெரியவளை உட்கார வைத்தார். அதை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவாள்.

"இன்னைக்கு இன்னா வார்த்தை?"

ஒருநாள் பார்பரிக்மஸ் என்றேன். வயிறு கடமுடவென்று உருட்டுவதற்குப் பெயர். அக்காவுக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று. ஊர் முழுக்கப் பரப்பினாள். சாப்பாட்டு நேரத்தில் பாவா, "எனக்கு பார்பரிக்மஸ்மே, சோத்தப் போடு" என்பாராம். பின்னாளில், பஞ்சு தூசியில் யாராவது தும்மினால் அவள் மகள் பவித்ரா, "ஆங், ஸ்டெர்ன்யுடேஷன்" என்பாளாம்.

நோயெல்லாம் எனக்கு அப்போது ஓசைதான். எங்கோ முகம் தெரியாத ஒருவருக்கு வந்தது. அவர் வயது தெரியும், எடை தெரியும், பெயர் தெரியாது. ஃபேசிகுலேஷனை முதல்முறை கேட்டபோது எழுத்துப்பிழை இல்லாமல் தட்டிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

எட்டு மாதம்

பூண்டு உரித்த அந்த நாளுக்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

பழைய கோப்புகளில் என் நினைவிலிருந்தவற்றைத் தோண்டினேன். தோலுக்கடியில் துடிப்பு இருந்தும் ஒன்றுமில்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர் உண்டு. காபி அதிகம் குடித்தவர், தூக்கம் கெட்டவர், பயந்த சுபாவக்காரர். அவர்களை மட்டும் எண்ணிக்கொண்டேன். நாக்கும் துடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகினேன்.

அக்கா தினமும் போன் செய்தாள். "இன்னைக்கு இன்னா வார்த்தை?"

கொட்டாவிக்கு ஒன்று, ஏப்பத்துக்கு ஒன்று என்று கொடுத்தேன்.

ஊசி போட்டும் கை தேறவில்லை. கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். ஆந்திரா பக்கம் ஒரு வைத்தியரிடம் பாவா கூட்டிப்போய் எண்ணெய் கட்டுப் போட்டு வந்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றி, குழி இன்னும் ஆழமாகியிருந்தது. அதற்கும் எனக்கு வார்த்தை தெரியும்.

ஒருநாள் போனில் அவள் குரலில் ஒரு கனம் தெரிந்தது. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போல.

இருபது வருடம் அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியே பிழைத்தவள் நான். மூக்கடைப்பா, பல் செட்டா, குடியா, நரம்பா என்று எனக்குத் தெரியும். டிஸார்த்ரியா. நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காமல் பேச்சு குழறுவது. அன்று போனை வைத்த பிறகு தட்ட வேண்டிய கோப்பில் முதல் பக்கத்திலேயே அந்த வார்த்தை வந்தது. தட்டினேன். அனுப்பினேன்.

"ஏன்க்கா ஒரு மாதிரி பேசற?" என்று மறுநாள் கேட்டேன்.

"உங்க பாவாவும் அத்தத் தான் கேக்கறாரு. எதுனா பல்லு ஆடுதோ இன்னாவோ."

அந்தச் சமயத்தில்தான் பவித்ரா என் வீட்டுக்கு வந்தாள். திருத்தணியில் கல்லூரி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போவாள். அன்று காபியைத் தொடவில்லை.

"அம்மா என்கிட்ட பேசறதே இல்ல சித்தி. எத்தக் கேட்டாலும் தலையத் தான் ஆட்டுது. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"உடம்பு முடியல இல்ல, அதான். சரியானா பேசும்," என்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்லாமல் விட்டேன்.

கண்டக்டர் கேட்ட கேள்வி

கனகம்மாசத்திரத்தில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. அக்கா தனியாகத்தான் கிளம்பினாள். திருத்தணியில் பஸ் மாறி ஏறியிருக்கிறாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார்.

நம் பக்கத்தில் அதைவிட நீளமான ஊர்ப்பெயர் உண்டா தெரியவில்லை. நல்ல நாக்குக்கே நடுவில் ஒருதரம் இடறும். அக்கா சொன்னாள். கண்டக்டருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இன்னாம்மா, காலைலயே போட்டுகினு ஏறிட்டியா?" என்றாராம்.

பஸ் முழுக்கச் சிரித்திருக்கிறது. அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். பட்டுப்புடவையோடு, கையில் வளையல் தட்டோடு, நெடுஞ்சாலை ஓரமாகத் திருத்தணி வரைக்கும் நடந்து என் வீட்டுக்கு வந்தாள். லாரிப் புழுதி புடவை மடிப்பிலெல்லாம் படிந்திருந்தது.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும், "நான் எங்கடி குடிச்சேன்?" என்று கேட்டாள். வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் முந்தானையால் துடைத்தேன்.

மறுவாரம் அவளையும் பாவாவையும் கூட்டிக்கொண்டு சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஊசி போட்டுப் பார்த்த அறை

கையிலும் காலிலும் ஊசி குத்தி, கம்பி வழியே தசையின் ஓசையைக் கேட்கிற சோதனை அது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்.

முடிந்ததும் என்னையும் பாவாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். பக்கத்தில் நின்ற மாணவர்களிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். வேகமாகச் சொன்னாள், எங்களுக்குப் புரியாது என்ற நம்பிக்கையில். எனக்கு ஒரு வார்த்தை கூடத் தப்பவில்லை. மோட்டார் நியூரான் நோய். உடம்பை அசைக்கச் சொல்கிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். திருப்ப மருந்து கிடையாது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இது நரம்புத் தளர்ச்சி மாதிரிம்மா..." என்று இழுத்தாள். தமிழில் வார்த்தை தேடினாள்.

அக்கா டாக்டரைப் பார்க்கவே இல்லை. மாணவர்களிடம் டாக்டர் பேச ஆரம்பித்ததிலிருந்து அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணவூரில் நின்ற ரயில்

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. பாவா எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் காகிதங்களை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். மணவூரில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வண்டியை நிறுத்தினார்கள். விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

அக்கா சொன்னதை நான் இங்கே தெளிவாக எழுதுகிறேன். அவள் வாயிலிருந்து அப்படி வரவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கித்தான் எடுத்தாள்.

"உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "கிருத்திகைக்கு வந்து பூண்டு உரிச்சியே, அன்னைக்கு."

எக்ஸ்பிரஸ் அடித்துக்கொண்டு போனது.

"எட்டு மாசம். அப்ப வாயி நல்லா இருந்துதே சுசீ."

"இருக்காதுன்னு நெனச்சேன்க்கா. பயந்துட்டேன்."

"பேசனா வாயி வலிக்குதுன்னு பேச்சக் கொறச்சிகினேன். சரியானதும் பேசிக்கலாம்னு. பவித்ராகிட்ட பேச வேண்டியதெல்லாம் சேத்து சேத்து வெச்சேன்டி. சரியாவாதுன்னு சொல்லியிருந்தா அப்பவே பேசியிருப்பேனே."

பாவா காகிதத்தை மடிப்பதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேச நாலைந்து மாதம் ஆயிற்று.

வண்டி கிளம்பியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்கு இல்லை. ரயில் ஆடும்போது அவளுக்குப் பிடிமானம் வேண்டியிருந்தது.

திருத்தணியில் இறங்கும்போது ஒன்று சொன்னாள். "இனிமே இன்னா வரும்னாலும் எனக்குத் தான் மொதல்ல சொல்லணும்."

சொன்னேன். அடுத்த ஒன்றரை வருடம் அதுதான் என் வேலை. விழுங்க வராமல் போகும் என்று அது வருமுன் சொன்னேன். காரணமில்லாமல் அழுகையும் சிரிப்பும் பீறிட்டு வரும், அது மூளையின் கோளாறு, உன் கோளாறு இல்லை என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொள்வாள். பெயர் இன்னா என்று கேட்பாள். நான் சொன்னதும், நாக்கு புரண்ட வரைக்கும், அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள்.

கடைசியில் மூச்சைப் பற்றியும் கேட்டாள், கண்ணால். அதற்கு இங்கிலீஷ் பெயர் சொல்லவில்லை. "தூக்கம் மாதிரி வரும்க்கா. வலி இருக்காது," என்றேன். வலி இருக்காது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அவள் போனது ஒரு மத்தியானம். தெருவில் மற்ற வீட்டுத் தறிகளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

கோடு போட்டு விட்ட இடம்

ரயிலில் வந்த மறுநாளிலிருந்தே அக்கா போனில் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தாள். பவித்ராவுக்காக. மடக்கிய விரல் முட்டியால் பொத்தானை அழுத்துவாள். ஒன்று அரை நிமிடம் இருக்கும், ஒன்று மூன்று நிமிடம் இருக்கும். கை முழுக்க நின்றதும் பாவா அழுத்திக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். பேச்சு சுத்தமாக நிற்கும் முன்பு அந்த போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அவளுக்கு வெளங்காது. உனக்குத் தான் வெளங்கும். எழுதிக் குடு."

காரியம் முடிந்த மறுவாரம் உட்கார்ந்தேன். ஹெட்போன் மாட்டி, மேஜைக்கடியில் இருக்கும் மிதிகட்டையைக் காலால் மிதித்துப் பதிவை முன்னும் பின்னும் ஓட்டி, என் அக்காவைத் தட்டச்சு செய்தேன். முதல் பதிவுகள் எளிதாக இருந்தன. பவித்ரா பிறந்தபோது பெய்த மழை. எந்தப் புடவையை யாருக்குக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை என்பதை மூன்று பதிவுகளில் மூன்று விதமாகச் சொல்லியிருந்தாள். போகப்போக மெய்யெழுத்துகள் உதிர்ந்து உயிரெழுத்துகள்தான் மிஞ்சின. சில வரிகளுக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. காதில் விழாத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது. கோடு போட்டு வெற்றிடமாக விட வேண்டும். தப்பான மருந்துப் பெயரை விட வெற்றிடம் மேல்.

கடைசிப் பதிவுக்கு முந்தையதில் என்னைப் பற்றி வருகிறது. "சித்தி சொல்ல மாட்டா. உள்ளயே வெச்சுக்குவா. அவ மேல" என்று சொல்லி, நடுவில் ஒரு சொல் எத்தனை எழுத்தென்று கூடத் தெரியாமல் குழைந்து, "வெக்காத" என்று முடிகிறது.

அந்த இடத்தில் இரண்டு சொற்கள் பொருந்தும். கோவம். நம்பிக்கை.

எத்தனை தடவை மிதித்தேன் என்று தெரியாது. மெதுவாக ஓட்டினேன். சத்தத்தைக் கூட்டினேன். ஒருதரம் கோவம் என்று கேட்கும். மனசு இளகும். உடனே மறுபடி ஓட்டுவேன். நம்பிக்கை என்று கேட்கும். இருபது வருடக் காது எனக்கு உதவவில்லை. கோடு போட்டு விட்டேன்.

தாள்களை வாங்க பவித்ரா கல்லூரி முடிந்து வந்தாள். என் மேஜையருகே நின்றபடியே படித்தாள். அழவில்லை. அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"சித்தி, இங்க அம்மா இன்னா சொல்லுது?"

"எனக்குக் கேக்கலம்மா. ரெண்டு மாதிரியும் கேக்குது. அதான் எழுதாம விட்டேன்."

"எங்க, குடுங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் காலால் மிதித்து ஓட்டினேன். மூன்று தடவை. இரண்டாம் தடவையிலேயே அவள் தலை லேசாக நிமிர்ந்தது. ஆனாலும் மூன்றாம் தடவை ஓட்டச் சொன்னாள்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தாள்களை அடுக்கிப் பைக்குள் செருகினாள்.

"எனக்கும் சரியா கேக்கல சித்தி," என்றாள், பையின் ஜிப்பை இழுத்தபடி. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரேன்."

நிஜமாகவே கேட்கவில்லையா என்று நான் அவளைக் கேட்கவில்லை. வாசல் வரை போய் நின்றேன்.